வாக்காளர் அட்டை வந்துவிட்டது, வாக்களிக்கலாமா? ஃப்ளோரிடா நேயரின் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வியை ஃப்ளோரிடாவிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சுருக்கி வாசிக்கிறேன். "என் கணவர் அமெரிக்கக் குடிமகன். திருமணத்துக்கு முன்பு, இருபது வயதில், போதைப்பொருள் வழக்கில் சிக்கி ஃபெலனி, அதாவது கடுங்குற்றம் என்று தண்டனை பெற்றவர். சிறையும் ப்ரொபேஷன் என்ற கண்காணிப்புக் காலமும் முடிந்து பல ஆண்டுகள் ஆகின்றன. 2018இல் சட்டம் மாறிவிட்டது, எல்லா உரிமையும் தானாகத் திரும்பிவிட்டது என்று உடன் வேலை செய்பவர்கள் சொன்னதால் விண்ணப்பித்தார். வாக்காளர் அட்டையும் தபாலில் வந்துவிட்டது. நீதிமன்றத்துக்கு ஏதோ பணம் பாக்கி என்று மட்டும் அவருக்கு நினைவு. அவர் வாக்களிக்கலாமா? ஜூரியாகப் போகலாமா?"

சகோதரி, அட்டை வந்ததை மட்டும் நம்பி அவர் வாக்குச்சாவடிக்குப் போக வேண்டாம். பாக்கி என்றீர்களே, முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

இந்தியாவிலிருந்து பார்க்கும் நேயர்களுக்கு இந்தக் கேள்வியே விசித்திரமாக இருக்கும். அங்கே சிறைக்குள் இருக்கும்வரைதான் வாக்களிக்க முடியாது. வெளியே வந்துவிட்டால் வாக்கு உண்டு. ஆனால் இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர் விடுதலைக்குப் பிறகும் ஆறு ஆண்டுகள் தேர்தலில் நிற்க முடியாது. அமெரிக்காவில் இது தலைகீழ். ஜனாதிபதி தேர்தலில் நிற்க ஃபெலனி தண்டனை ஒரு தடையே இல்லை. 1920இல் சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸ் அட்லாண்டா சிறையில் இருந்தபடியே நின்று 9 லட்சத்துக்கு மேல் வாக்கு வாங்கினார். ஆனால் சாதாரணமாக ஒரு வாக்குப் போடுவதற்கு, நீங்கள் எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து வாழ்நாள் முழுக்கத் தடை இருக்கலாம். மெய்ன், வெர்மான்ட் இரண்டிலும் சிறைக்குள் இருப்பவரே வாக்களிக்கிறார். ஃப்ளோரிடா அதற்கு நேர் எதிர்முனையில் இருந்த மாநிலம்.

அங்கே இந்தத் தடை உள்நாட்டுப் போருக்குப் பின் எழுதப்பட்ட 1868ஆம் ஆண்டு அரசமைப்பிலேயே இருந்தது. கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை கொடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்த காலம் அது. உரிமை திரும்ப வேண்டுமானால் ஆளுநரும் மூன்று அமைச்சர்களும் உட்காரும் கருணை வாரியத்திடம் மனுப் போட வேண்டியிருந்தது. ஆளுநர் மாறினால் விதியும் மாறும். 2007இல் ஒருவர் தளர்த்தினார், 2011இல் அடுத்தவர் இறுக்கி, மனுப் போடவே ஐந்தாண்டு காத்திருக்கச் சொன்னார்.

இதை மாற்றப் பாடுபட்டவர்களில் முன்னணியில் நின்றவர் டெஸ்மண்ட் மீட். அவரே தண்டனை முடித்தவர், வீடில்லாமல் அலைந்தவர், பிறகு சட்டம் படித்தவர். 2016இல் அவர் மனைவி மாநிலச் சட்டமன்றத்துக்குப் போட்டியிட்டபோது இவரால் மனைவிக்கு வாக்களிக்க முடியவில்லை. 2018 நவம்பரில் மாநில அரசமைப்புக்கான நான்காவது திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. தேவை 60 சதவீதம். கிடைத்தது 64 சதவீதத்துக்கு மேல். கொலை, பாலியல் ஃபெலனி வழக்குகள் தவிர, பரோல், ப்ரொபேஷன் உட்பட தண்டனையின் எல்லா அம்சங்களையும் முடித்தவர்களுக்கு வாக்குரிமை திரும்பும் என்றது அது. சுமார் 14 லட்சம் பேருக்குப் பயன் என்று அப்போது மதிப்பிட்டார்கள். உங்கள் கணவரின் நண்பர்களுக்குத் தெரிந்த கதை இதுவரைதான்.

2019 ஜூனில் மாநில அரசு இன்னொரு சட்டம் போட்டது. "எல்லா அம்சங்களும்" என்றால் அபராதம், நீதிமன்றக் கட்டணம், பாதிக்கப்பட்டவருக்கான நஷ்ட ஈடு அனைத்தும் அடக்கம், அதைக் கட்டி முடித்தால்தான் வாக்கு என்றது. போதைப்பொருள் வழக்கு என்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்: ஃப்ளோரிடாவில் கோகெய்ன் 28 கிராமை எட்டினாலே அது கடத்தல் வழக்கு, குறைந்தபட்ச அபராதமே 50,000 டாலர். சிறையிலிருந்து வெளியே வந்து கூலி வேலை பார்ப்பவர் இதை எந்தக் காலத்தில் கட்டுவார்?

2020 மே மாதம் ஃப்ளோரிடாவின் தலைநகர் டல்லஹாசியில் கூட்டாட்சி நீதிபதி ராபர்ட் ஹிங்கிள் இதை 'காசு கட்டினால் வாக்கு' என்ற முறை என்று சொல்லிப் பெரும்பகுதியை ரத்து செய்தார். அந்த வழக்கில் ஒரு தகவல் வந்தது, எனக்கு மறக்கவே மறக்காது. ஒரு பேராசிரியரும் அவருடைய ஆய்வு மாணவர்களும் 153 பேரின் பெயரைக் குலுக்கல் முறையில் எடுத்து, யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்று நீண்ட காலம் தேடினார்கள். மூன்றே பேரைத் தவிர மற்ற அனைவருடைய கணக்கிலும் ஓரிடத்தில் இருந்த தொகை இன்னோரிடத்தோடு ஒத்துப்போகவில்லை. அரசின் ஏடுகளிலேயே இந்த லட்சணம். ஆனாலும் செப்டம்பரில், தேர்தலுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, மேல்முறையீட்டு நீதிமன்றம் 6க்கு 4 என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. பணம் கட்ட வேண்டும் என்ற சட்டமே நிலைத்தது.

சரி, பாக்கி இருந்தால் அட்டை எப்படி வந்தது? விண்ணப்பம் வந்ததும் ஓட்டுநர் உரிம எண் அல்லது சமூகப் பாதுகாப்பு எண் பொருந்துகிறதா என்று பார்த்துப் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். தண்டனை விவரத்தை மாநிலம் பிறகு சரிபார்க்கும். அந்தப் 'பிறகு' மாதக்கணக்கில் ஆகலாம். 2022 ஆகஸ்டில் ஆளுநர் டிசான்டிஸ் 20 பேரைக் கைது செய்ததாகச் செய்தியாளர்களைக் கூட்டி அறிவித்தார். கொலை அல்லது பாலியல் வழக்கில் தண்டனை பெற்றதால் தகுதியில்லாதவர்கள் அவர்கள். அவர்களில் பலர் கையிலும் அரசு அனுப்பிய அட்டை இருந்தது. குற்றச்சாட்டு நிரூபிக்கப்பட்டால் ஐந்தாண்டு வரை சிறை, 5,000 டாலர் வரை அபராதம். தெரிந்தே செய்தார் என்று அரசு நிரூபித்தாக வேண்டும் என்பது உண்மை. ஆனால் அதை நிரூபிக்க முடியவில்லை என்று தெரிவதற்குள் உங்கள் கணவர் விலங்கோடு ஒரு நாளைக் கழித்திருப்பார். 2023இல் என்ன செய்தார்கள் தெரியுமா? 'இந்த அட்டை பதிவுக்குச் சான்று, வாக்களிக்கும் தகுதிக்குச் சான்று அல்ல' என்ற பொருளில் அட்டையிலேயே அச்சிட வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார்கள். எடுத்துப் பாருங்கள், இருக்கும்.

ஆகவே தண்டனை விதிக்கப்பட்ட கவுன்டியின், அதாவது மாவட்டத்தின், நீதிமன்ற கிளார்க் அலுவலகத்தில் தீர்ப்புத் தாளின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். அந்தத் தாளின் நான்கு மூலைக்குள் எழுதியிருக்கும் தொகைதான் கணக்கு. பிறகு ஏறிய வட்டியும், வசூல் நிறுவனம் சேர்த்த கூடுதல் கட்டணமும் வாக்குரிமைக் கணக்கில் வராது. இது பலருக்குத் தெரியாமல் இரட்டிப்புத் தொகையைக் கண்டு மிரண்டு போகிறார்கள். கடன் சிவில் கடனாக மாற்றப்பட்டுவிட்டது, ஆகவே முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது கட்டியதாக ஆகாது. கட்ட வழியில்லை என்றால், அந்த நீதிமன்றத்திலேயே மனுப் போட்டுத் தொகையைச் சமூக சேவை மணிநேரமாக மாற்றக் கேட்கலாம். இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் என்றால் மாநிலத் தேர்தல் பிரிவுக்கு எழுதித் தகுதி பற்றி எழுத்துப்பூர்வமான கருத்தைக் கேளுங்கள். அதை நம்பி நடந்தவருக்கு அந்தத் தாள் பாதுகாப்பு.

இங்கே ஒரு கிளைக்கதை. டொனால்ட் டிரம்ப் 2024 மே மாதம் நியூயார்க்கில் 34 ஃபெலனி குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று தீர்க்கப்பட்டார். அதே ஆண்டு நவம்பரில் ஃப்ளோரிடாவில் வாக்களித்தார். சலுகை ஒன்றும் இல்லை. வேறு மாநிலத்தில் பெற்ற தண்டனைக்கு ஃப்ளோரிடா அந்த மாநிலத்தின் விதியைப் பின்பற்றும், நியூயார்க்கில் சிறைக்குள் இல்லாதவர் வாக்களிக்கலாம். உங்கள் கணவரின் வழக்கு ஃப்ளோரிடாவிலா வெளியிலா என்று நீங்கள் எழுதவில்லை. வெளி மாநிலம் என்றால் நான் சொன்ன கணக்கே மாறிவிடும்.

இனி ஜூரி. 2018 திருத்தம் கொடுத்தது வாக்கு ஒன்றை மட்டும். ஜூரியில் உட்கார்வது, மாநிலப் பதவி வகிப்பது இரண்டுக்கும் இன்னும் அதே கருணை வாரியம்தான். டெஸ்மண்ட் மீட்டுக்கே அது 2021 அக்டோபரில்தான் கிடைத்தது. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. துப்பாக்கி உரிமை அதிலும் தனி, தண்டனை முடிந்து எட்டு ஆண்டு ஆன பிறகே கேட்க முடியும். ஜூரி அழைப்பு வந்தால் தூக்கிப் போட்டுவிடாமல், தண்டனை உண்டு, உரிமை இன்னும் திரும்பவில்லை என்று படிவத்தில் குறித்துத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. உங்களிடம் கிரீன் கார்டுதான் இருக்கிறது என்றால், கணவர் பதிவு செய்யும்போது ஆர்வத்தில் நீங்களும் படிவத்தை நிரப்பிவிடாதீர்கள். குடியுரிமை இல்லாமல் வாக்களித்தால் நாடு கடத்தும் அளவுக்குப் போகும்.

தீர்ப்பு நகல் கைக்கு வந்ததும் எந்த ஆண்டு, எந்தக் கவுன்டி என்று மட்டும் எழுதுங்கள். பெயரும் வழக்கு எண்ணும் வேண்டாம். அடுத்த கேள்விக்குப் போவோம்.