பனியால் வாழும் மழைக்காடு: கனடாவின் உள்நாட்டுச் சீடர் (cedar) மர வனங்கள்

[காட்சி: பசிபிக் கரையிலிருந்து கிழக்கே நகரும் வரைபடம்]

மிதவெப்ப மழைக்காடுகள் பெரும்பாலும் கடலை ஒட்டியே இருக்கின்றன. ஆனால், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், கடலிலிருந்து ஏறத்தாழ 500 கிலோமீட்டர் உள்ளே, பிரின்ஸ் ஜார்ஜ் நகருக்குக் கிழக்கே அப்படியொரு காடு நிற்கிறது. கரையோர மலைகளில் பெரும்பகுதி மழையைப் பொழிந்துவிட்டு, வறண்ட பீடபூமியைக் கடந்து வரும் பசிபிக் காற்று, கரிபூ மலைத்தொடரில் மோதி மீண்டும் மேலெழும்பும்போது, எஞ்சிய ஈரத்தைக் குளிர்காலப் பனியாகக் கொட்டுகிறது. அந்தப் பனி கோடையில் மெல்ல உருகி, நிலத்தடி நீராக மலையடிவாரத்தில் கசிவதால் அங்கே மண் எளிதில் காய்வதில்லை; காட்டுத்தீயும் அரிது. ஆயிரம் ஆண்டுகளைக் கடந்த சீடர் மரங்கள் அடிவாரத்தில் நிற்பதற்கு இதுவே காரணம். அவற்றுள் பல உள்ளே உளுத்துக் கூடாகிவிட்டதால், வளையங்களை எண்ணி வயதை முழுமையாகக் கணிக்க முடிவதில்லை.

[காட்சி: ஈரமான கிளை, மிக அருகில்]

கிளையில் இலைபோல் படர்ந்திருப்பது லோபேரியா என்னும் லைக்கன்; பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் உயிர். காய்ந்திருக்கையில் பழுப்பாக நொறுங்கும் இது, நனைந்தவுடன் பளிச்சென்ற பச்சைக்கு மாறி, மேடும் பள்ளமுமாக விரிகிறது. இதனுள் வாழும் சயனோபாக்டீரியா என்னும் நுண்ணுயிரி, காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிகளுக்குப் பயன்படும் சத்தாக மாற்றுகிறது. லைக்கன் உதிர்ந்து மட்கும்போது அந்தச் சத்து மண்ணைச் சேர்கிறது.

மேல்சரிவுகளில் முடிக்கற்றைபோல் தொங்கும் வேறு லைக்கன்களே கரிபூ மான்களின் குளிர்கால உணவு. அகன்ற குளம்புகளுடன் இரண்டு, மூன்று மீட்டர் பனியின்மேல் நின்று, கோடையில் எட்டாத கிளைகளை அவை மேய்கின்றன.

[காட்சி: வெட்டப்பட்ட சரிவு]

மரங்களை வெட்டிய இடத்தில் புதர் தழைக்கிறது. புதரைத் தேடி மூஸ் என்னும் பெரிய மானும் பிற மான்களும் வருகின்றன. அவற்றைத் தொடர்ந்து ஓநாய்கள் பெருகி, கரிபூவையும் வேட்டையாடுகின்றன. 2007-இல் மாகாண அரசு 22 லட்சம் ஹெக்டேர் கரிபூ வாழிடத்தைக் காக்க முன்வந்தது. எனினும் அதில் பெரும்பகுதி உயர்ந்த சரிவுகளே. பள்ளத்தாக்கில் வெட்டு தொடர்ந்தது. 2015 முதல் ஓநாய்களைக் கொன்றுவரும் அரசு, அவற்றைப் பெருகச் செய்த வெட்டை நிறுத்தாதது முரண்தான். அமெரிக்க எல்லையைக் கடந்து மேய்ந்த தெற்கு செல்கர்க் கூட்டத்தில் எஞ்சிய ஒற்றைப் பெண் கரிபூவையும் 2019-இல் பிடித்து வடக்கே கொண்டுசென்றனர். அத்துடன் அக்கூட்டம் முடிந்தது.

[காட்சி: மரப்பலகை நடைபாதை]

பிரின்ஸ் ஜார்ஜுக்குக் கிழக்கேயுள்ள முதுமரங்களிலும் வெட்டுவதற்கான அடையாளம் இடப்பட்டிருந்தது. ஆய்வாளர்களும் உள்ளூர் நடைப்பயணக் குழுவினரும், அம்மண்ணின் பூர்வகுடிகளான ல்ஹைட்லி டென்னே மக்களும் எடுத்த முயற்சியால் 2016-இல் அந்தக் காடு மாகாணப் பூங்காவானது. ஆனால், சுற்றிலும் வெட்டப்பட்ட சிறு துண்டுக் காட்டின் விளிம்பில் வெயிலும் உலர்காற்றும் நுழைந்து லைக்கன்களை வாட்டுகின்றன. ஆகவே, அடிவாரச் சீடர் வனத்தையும் கரிபூவின் மேல்சரிவையும் இணைத்து, முழுப் பள்ளத்தாக்காகக் காப்பதே இக்காட்டுக்குப் பொருந்தும் எல்லைக்கோடு.