அட்டையில் தோற்கிறோம், ரயிலில் ஜெயிக்கிறோம்

(மும்பை மாட்டுங்காவில் தமிழன்பர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். நேரே ஒரு புதிருக்கு வருகிறேன். 1966இல் பீட்டர் வேசன் என்ற ஆங்கிலேய உளவியலாளர் போட்டது. நம் எழுத்தில் மாற்றிச் சொல்கிறேன்.

மேஜையில் நான்கு அட்டைகள்: அ, க, 4, 7. ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். உயிரெழுத்து இருந்தால் பின்னால் இரட்டைப்படை எண்தான் இருக்க வேண்டும் என்பது விதி. விதி மீறப்பட்டிருக்கிறதா என்று பார்க்க எவற்றைத் திருப்புவீர்கள்?

'அ, 4' என்று முன்வரிசையில் சொல்கிறார்கள். பரவாயில்லை, கல்லூரி மாணவர்களும் பெரும்பாலும் அதைத்தான் சொன்னார்கள். 4-க்குப் பின்னால் 'க' இருந்தாலும் விதி உடையாது. 7-க்குப் பின்னால் 'அ' இருந்தால்தான் வம்பு. ஆகவே அ, 7. பத்தில் ஒருவர் சரியாகச் சொன்னாலே அதிகம்.

சரி, தாதர் ஸ்டேஷனுக்கு வாருங்கள். முதல் வகுப்பில் ஏறினால் முதல் வகுப்பு டிக்கெட் வேண்டும். ஒருவர் முதல் வகுப்பிலிருந்து இறங்குகிறார், இன்னொருவர் இரண்டாம் வகுப்பிலிருந்து. மற்ற இருவர் எதில் வந்தார்கள் என்று தெரியாது. ஒருவர் கையில் முதல் வகுப்பு பாஸ், மற்றவர் கையில் இரண்டாம் வகுப்பு பாஸ். டிசி, அதாவது டிக்கெட் பரிசோதகர், யாரை நிறுத்துவார்? முதல் வகுப்பிலிருந்து இறங்கியவரையும் இரண்டாம் வகுப்பு பாஸ்காரரையும். சட்டென்று சொல்லிவிட்டீர்களே! இதுவும் அதே புதிர்தான்.

1982இல் கிரிக்ஸ், காக்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவின் புளோரிடாவில் 'பீர் குடிப்பவருக்கு 19 வயது தாண்டியிருக்க வேண்டும்' என்று மாற்றிக் கேட்டபோது, ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் சரியாகச் சொன்னார்கள். லேடா காஸ்மிடெஸ் என்ற உளவியலாளர் 1989இல் இதற்குக் காரணம் சொன்னார்: பலனை வாங்கிக்கொண்டு விலை கொடுக்காமல் நழுவுபவரைக் கண்டுபிடிக்க மூளையில் தனி ஏற்பாடே இருக்கிறது.

அப்புறம் ஆர்.எம். என்று மட்டும் குறிப்பிடப்படும், மூளையில் சேதமடைந்த ஒரு நோயாளி. அவரைப் பற்றிய ஆய்வு 2002இல் வந்தது. 'ஆபத்தான வேலை செய்தால் பாதுகாப்புக் கவசம் வேண்டும்' என்பது போன்ற புதிர்களில் 70 சதவீதம் சரி, எல்லோரையும் போலத்தான். கொடுக்கல் வாங்கல் விதிகளில் மட்டும் 39. புதிரின் அமைப்பு இரண்டிலும் ஒன்றே! எனக்கு இதுதான் ஆச்சரியம்.

எல்லோரும் இதை ஏற்பதில்லை. 'இதைச் செய்ய வேண்டுமானால் இது இருக்க வேண்டும்' என்ற அனுமதி விதிகளை அன்றாட வாழ்க்கையிலேயே பழகிக்கொள்கிறோம், தனி ஏற்பாடு எதற்கு என்பது செங், ஹோல்யோக் என்ற உளவியலாளர்கள் 1985லேயே முன்வைத்த வாதம். எனக்குச் சாய்வு காஸ்மிடெஸ் பக்கம். ஆனாலும் ஆர்.எம். ஒரே ஒரு ஆள். கண்குழிக்கு மேலுள்ள முன்மூளை, பொட்டுப்பக்க மடலின் நுனி, மூளைக்குள் இருக்கும் அமிக்டலா என்ற பகுதி என்று அவருக்குப் பல இடங்களில் சேதம். இதில் எந்த இடம் போனதால் அந்த 39 என்று அவரை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.