முதலில் காரைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். பழைய புகைப்படங்களைப் பற்றிப் பேசச் சொல்லி வானொலிக்கு அழைத்திருக்கிறார்கள். கண்ணால் பார்க்க வேண்டியதைக் காதில் போட வேண்டிய வேலை. சரி, அதிலும் ஒரு வசதி இருக்கிறது. படத்தை நீட்டிவிட்டு “பாருங்கள், எவ்வளவு அழகு” என்று தப்பித்துக்கொள்ள முடியாது. அதில் இருப்பதை ஒவ்வொன்றாகச் சொல்லித்தான் தீர வேண்டும்.

நான் பேசப்போவது சிங்கப்பூரைப் பற்றி. இருந்த கடை, ஹோட்டல், நடனக்கூடம் எல்லாம் ஒரே ஆயுள்காலத்துக்குள் காணாமல் போன ஊர் அது. அறுபது வயதுக்காரர் ஒருவர் தன் இளமையில் பழகிய தெருவைத் தேடிப் போனால், தெருப்பெயர் மட்டும் அப்படியே இருக்கும்.

பழைய படம் கையில் கிடைத்ததும் எல்லாரும் கட்டடத்தைத்தான் பார்ப்பார்கள். நான் முதலில் வண்டிகளைப் பார்ப்பேன். சாலைக்கு மேலே வானத்தில் இரண்டிரண்டாகக் கம்பிகள் ஓடினால் அது டிராலி பஸ்ஸுக்கான கம்பி, தலைக்கு மேலே போகும் கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடுகிற பஸ் அது. சிங்கப்பூரில் டிராலி பஸ் 1926-இல் ஓடத் தொடங்கி 1962-இல் நின்றது. ஆக, படம் எடுத்த காலம் அந்த இடைவெளிக்குள் வந்துவிட்டது. சாலையில் தண்டவாளமும் தெரிந்தால் இன்னும் நெருங்கிவிடலாம், டிராம் 1927-லேயே போய்விட்டது. ரிக்‌ஷா மட்டும் இருந்தால் ஒரு காலம், ரிக்‌ஷாவுக்குப் பக்கத்தில் கார் நின்றால் இன்னொரு காலம். மாடியில் தொலைக்காட்சி ஏரியல் தெரிந்தால் 1963-க்குப் பிறகு. காலத்தைக் கண்டுபிடிக்க ஆரம்பித்த பழக்கம்தான் இது. போகப்போக வேறொன்றும் பிடிபட்டது. ஒரு கடை ஏன் காணாமல் போனது என்பதற்கான பதிலும் பாதிக்குமேல் அந்த வண்டிகளிலேயே இருக்கிறது.

ராஃபிள்ஸ் பிளேஸை எடுத்துக்கொள்வோம். இன்று அது வங்கிக் கோபுரங்களின் இடம். மதியம் ஒரு மணிக்குக் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு பெருங்கூட்டம் சாப்பாட்டுக்கு இறங்கும். 1950-களில் அது கடைவீதி. ஒரு பக்கம் ஜான் லிட்டில், இன்னொரு பக்கம் ராபின்சன்ஸ். துணி, மேஜை நாற்காலி, பீங்கான், ஷூ என்று சீமைச் சாமான் எல்லாம் கிடைக்கிற பேரங்காடிகள். ராபின்சன்ஸ் தொடங்கியது 1858-இல். ராஃபிள்ஸ் பிளேஸில் புதுக் கட்டடத்துக்குக் குடியேறிய அதே 1941-இல், டிசம்பர் 8-ஆம் தேதி, ஜப்பானியர்கள் போட்ட முதல் குண்டுகளில் ஒன்று அதன்மேல் விழுந்தது. அதையும் தாங்கிக்கொண்டு வியாபாரம் நடத்திய கடை.

அந்த 1950-களின் படங்களில் சதுக்கத்தின் நடுவில் என்ன இருக்கிறது தெரியுமா? கார். வரிசை வரிசையாகக் கார். ஆஸ்டின், மாரிஸ், ஃபோர்டு என்று நிழலில்லாத வெயிலில் நெருக்கியடித்து நிற்கின்றன. கடைக்கு வருகிறவர்கள் வசதியானவர்கள். அவர்களிடம் கார் இருக்கிறது, நிறுத்தத்தான் இடமில்லை. 1960-களின் நடுவில் சதுக்கத்தைத் தோண்டிக் காரையெல்லாம் பூமிக்குக் கீழே அனுப்பி, மேலே புல்லும் பூச்செடியும் வைத்தார்கள். அந்தப் பூங்கா தெரிகிற வண்ணப்படங்கள் நிறைய இருக்கின்றன, அஞ்சலட்டைகளாகவும் விற்றன. பார்க்கக் குளுமைதான். ஆனால் நகரத்தின் கடைக்காரர்கள் அதற்குள் ஆர்ச்சர்ட் ரோட்டைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். அங்கே இடம் தாராளம், குடியிருப்புகளும் பக்கத்தில். ஜான் லிட்டில் 1960-லேயே ராஃபிள்ஸ் பிளேஸ் கடையைச் சாத்திவிட்டது.

ராபின்சன்ஸ் போனது வேறு விதமாக. 1972 நவம்பர் 21, காலை நேரம். கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்காகச் சரக்கு நிரம்பியிருந்தது. மின்கசிவில் பிடித்த தீ கட்டடம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. ஒன்பது பேர் இறந்தார்கள், லிஃப்டில் சிக்கியவர்களும் அதில் உண்டு. அன்றைய படங்களில் கறுத்த புகை தூணாக எழுகிறது, கீழே கூட்டம் அண்ணாந்து பார்க்கிறது. அடுத்து ராபின்சன்ஸ் எங்கே கடை திறந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. பழைய இடத்துக்கு அது திரும்பவே இல்லை. சில வாரங்களிலேயே ஆர்ச்சர்ட் ரோட்டில், ஸ்பெஷலிஸ்ட்ஸ் சென்டரில் வியாபாரத்தைத் தொடங்கிவிட்டது. எரிந்த மனையில் இப்போது நிற்பது ஒன் ராஃபிள்ஸ் பிளேஸ் கோபுரம். தீ பிடிக்காமலிருந்தாலும் ராபின்சன்ஸ் அங்கே அதிக நாள் இருந்திருக்காது என்பது என் எண்ணம். தீ, நாளைக் குறித்துக் கொடுத்தது, அவ்வளவே.

ஜான் லிட்டிலின் கட்டடத்தை 1973-இல் இடித்தார்கள். அப்புறம் 1987-இல் அங்கே எம்ஆர்டி என்கிற நகர ரயிலின் நிலையம் திறந்தபோது அதன் வாசல்களுக்கு ஜான் லிட்டிலின் முகப்பையே மாதிரியாக வைத்துக்கொண்டார்கள். அசலை இடித்துவிட்டு நகலைக் கட்டி வைப்பதில் எனக்கு அவ்வளவு சம்மதமில்லை. ஆனாலும் பழைய படத்தோடு போய் அந்த வாசல்முன் நிற்கும்போது, வளைவுகளை ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

ராஃபிள்ஸ் பிளேஸிலிருந்து கடற்கரைப் பக்கம், காலியர் கீயை நோக்கி ஒரு சந்து போகும். சேஞ்ச் ஆலி. நேயர்களில் மூத்தவர்கள் பலர் அதில் நடந்திருப்பீர்கள். இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் தோள் உரசும். படங்களில் தலைக்குமேல் சட்டையும் கைப்பையும் தொங்குகின்றன, கண்ணாடிப் பெட்டிக்குள் கைக்கடிகாரம், பக்கத்திலேயே பொம்மை. இவற்றுக்கு நடுவே சின்ன மரப்பெட்டிக் கடையில் சாங்கோக் என்ற மலாய்த் தொப்பி போட்ட ஒருவர் உட்கார்ந்திருப்பார். தமிழ்நாட்டுக் கடலோர ஊர்களிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம், நாணய மாற்று வணிகர். கிளிஃபர்ட் துறையில் இறங்குகிற கப்பல்காரர் முதலில் வந்து நிற்பது இவரிடம்தான். வெளிநாட்டுக் காசை வாங்கிக்கொண்டு வெள்ளியை, அதாவது உள்ளூர் டாலரை, எண்ணிக் கொடுப்பார். அந்த வெள்ளி அடுத்த கடையிலேயே பேரம் பேசிச் செலவாகிவிடும். பள்ளிக்கூடம் பார்க்காத வியாபாரிகள் ரஷ்ய மாலுமியிடம் ரஷ்ய மொழியில் விலை சொன்ன சந்து அது. 1989 ஏப்ரலோடு அதை மூடினார்கள். அந்த இடத்தில் குளிர்சாதன வசதியோடு ஒரு நடைபாதை இருக்கிறது, பெயரும் சேஞ்ச் ஆலிதான். அதில் பேரம் பேசினால் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

இன்னும் இரண்டு நிமிட நடையில் மார்க்கெட் ஸ்திரீட். நம்மவர்களுக்கு அது செட்டித்தெரு. நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கிட்டங்கிகள், அதாவது வட்டித்தொழில் நடந்த பொதுக்கூடங்கள், இருந்த இடம். எனக்கு மிகவும் பிடித்த படங்கள் இவைதான், கொஞ்சம் நின்று சொல்லிவிடுகிறேன்.

நீளமான கூடம், முன்வாசலிலிருந்து பின்கட்டுவரை ஒரே ஓட்டமாக. நாற்காலி கிடையாது. தரையில் சாய்வு மேஜை, பக்கத்தில் ஒரு மரப்பெட்டி. சுவரில் சாமி படம். வேட்டியும் நெற்றியில் திருநீறுமாகச் சம்மணம் போட்டு ஒருவர் பேரேட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார். முதலில் பார்க்கிறவர்கள் இதை ஒரே கம்பெனியின் ஆபீஸ் என்று நினைத்துவிடுவார்கள். மேஜைகளை எண்ண வேண்டும். ஒவ்வொரு மேஜையும் ஒரு தனி வட்டிக்கடை, ஒவ்வொன்றுக்கும் தனி விலாசம், அதாவது தொழில் பெயர். ஊரில் இருக்கும் முதலாளிக்காக இங்கே மேலாள் இருப்பார், அவருக்குக் கீழே அடுத்தாள், எல்லாருக்கும் கீழே பெட்டியடிப் பையன். பகலில் கடன் கொடுத்து வாங்கும் இடம், ராத்திரியில் அதே பெட்டியடியில் பாய் விரித்துப் படுக்கை. சாப்பாடு பின்கட்டில், பொதுச் சமையல். ரப்பர் தோட்டத்துக்கும் ஈயச் சுரங்கத்துக்கும் சின்னச் சின்னக் கடைகளுக்கும் பணம் போனது இந்தத் தரையிலிருந்துதான். பெரிய வங்கிகள் உள்ளே விடாத ஆளுக்கும் செட்டியார் கடன் கொடுத்தார், வட்டியும் அதற்குத் தகுந்தாற்போல்.

மார்க்கெட் ஸ்திரீட்டின் வெளிப்பக்கப் படங்களில் மறுபடியும் கார்தான். ஒடுங்கிய தெருவின் இரண்டு பக்கமும் கார் நின்று, நடுவில் மாட்டு வண்டி போன வழியில் லாரி முனகிக்கொண்டு போகும். அந்த வட்டாரத்தை நிதி மையமாக்க அரசு முடிவு செய்தது. வாடகைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள், நிலத்தை எடுத்தார்கள். 1977-இல் கிட்டங்கிகள் அரசின் கைக்குப் போய் இடிக்கப்பட்டன. அங்கே என்ன கட்டினார்கள்? கார்ப்பேட்டை, கார் நிறுத்தும் கட்டடம்! கோல்டன் ஷூ கார்ப்பேட்டை, 1984-இல் வந்தது, உள்ளே உணவங்காடியோடு. நூறாண்டுக்கு மேல் பணம் புழங்கிய தரையில் கார் நின்றது. அந்தக் கார்ப்பேட்டையையும் 2017-இல் மூடி இடித்துவிட்டார்கள், இப்போது அங்கே ஐம்பது மாடிக்கு மேல் ஒரு கோபுரம். கார்ப்பேட்டையின் கடைசி நாட்களில் ஆட்கள் கேமராவோடு போய் அதையும் படம் எடுத்து வைத்தார்கள். கிட்டங்கிகள் இடிபட்டபோது அத்தனை கேமராக்கள் இல்லை.

எதிர்த்திசையில் நடந்த ஒன்றும் உண்டு. ஆர்ச்சர்ட் ரோட்டில் கோல்ட் ஸ்டோரேஜ் பேரங்காடிக்கு எதிரே ஒரு திறந்தவெளிக் கார்ப்பேட்டை. பகலில் கார், பொழுது சாய்ந்தால் தள்ளுவண்டிகள். குவே தியாவ் நூடுல்ஸ் புரட்டுகிற சத்தமும் சாத்தே என்கிற இறைச்சிக் குச்சி சுடுகிற புகையுமாக நள்ளிரவு தாண்டியும் நடக்கும். வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் கிளட்டன்ஸ் ஸ்குவேர், அதாவது சாப்பாட்டு ராமன்களின் சதுக்கம். 1978-இல் அதை மூடினார்கள். அங்கே இருப்பது ஆர்ச்சர்ட் சென்ட்ரல் கடைத்தொகுதி. எதிரே இருந்த கோல்ட் ஸ்டோரேஜும், அதை ஒட்டி ஐஸ்கிரீம் தந்த மக்னோலியா ஸ்நாக் பாரும் போய் சென்டர்பாயிண்ட் வந்தது. அதில் 1983-இல் வந்து உட்கார்ந்த பெரிய கடை எது? ராபின்சன்ஸ். ராஃபிள்ஸ் பிளேஸில் எரிந்த அதே ராபின்சன்ஸ். அதுவும் 2020-இல் சிங்கப்பூர்க் கடைகளை மூடுவதாக அறிவித்துவிட்டது. அதற்குக் காரணம் கார் இல்லை, கைபேசி.

எல்லாவற்றுக்கும் காரே காரணம் என்று சொல்லிவிடவும் முடியாது. கேளிக்கைப் பூங்காக்கள் மூன்று இருந்தன. ஜாலான் புசாரில் நியூ வேர்ல்டு, 1923. கிம் செங் ரோட்டில் கிரேட் வேர்ல்டு, 1931. கேலாங் பக்கம் ஹாப்பி வேர்ல்டு, 1937. நுழைவுச்சீட்டு சில காசுதான். உள்ளே போனால் சினிமா, மலாய் பங்சாவான் நாடகம், சீனக் கூத்து, ஜோகெட் நடனம், மல்யுத்தம். தாரா சிங்கும் கிங்காங்கும் மோதிய கதையைத் தமிழ்நாட்டுக் கிராமங்களில்கூடச் சொல்லுவார்கள். அந்த இருவரும் இந்தப் பூங்காக்களின் அரங்குகளில் மோதியவர்கள்தான்.

இவற்றின் உள்ளேதான் கேபரே. பெரிய மரத்தளம், மேடையில் பேண்டு, ஓரத்தில் நாற்காலிகளில் நடன மாதர்கள். சீட்டு வாங்கி ஒரு பெண்ணிடம் கொடுத்தால் ஒரு பாட்டுக்கு உங்களோடு ஆடுவார். படங்களில் எல்லாரும் சியோங்சாம் என்ற சீன உடை உடுத்தி, சுருட்டிய முடியோடு சிரிக்கிறார்கள். பாம்போடு மேடையேறிப் பேர்வாங்கிய ரோஸ் சான் ஆரம்பத்தில் ஹாப்பி வேர்ல்டு கேபரேயில் ஆடியவர். அதே கேபரேயின் பெண்கள் 1946-இல் வேறொரு காரியமும் செய்தார்கள். போரில் படிப்பைத் தொலைத்த பிள்ளைகளுக்காகப் பணம் சேர்த்து, கேலாங்கில் ஓர் இலவசப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். ஹாப்பி சாரிட்டி ஸ்கூல் என்று பெயர். ஊர் அவர்களை ஒரு மாதிரிதான் பேசியது, பிள்ளைகளை மட்டும் அனுப்பியது. கேபரே படங்களைக் காட்டும்போது நான் இந்தப் பள்ளியைச் சொல்லாமல் விடுவதில்லை.

பூங்காக்களைச் சாப்பிட்டது தொலைக்காட்சி, அப்புறம் குளிரூட்டிய கடைத்தொகுதி. கிரேட் வேர்ல்டு 1964-இல் பூங்காவாக நின்றது, நியூ வேர்ல்டு 1987-இல். ஹாப்பி வேர்ல்டு, கே வேர்ல்டு என்று பெயர் மாறி 2000-வரை இழுத்துக்கொண்டிருந்தது. நியூ வேர்ல்டின் பழைய வாசலை மட்டும் சிட்டி ஸ்குவேர் கடைத்தொகுதி பக்கத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தேக்காவிலிருந்து, அதாவது லிட்டில் இந்தியாவிலிருந்து, நடந்தே போய்ப் பார்த்துவிடலாம்.

ஆர்ச்சர்ட் ஹோட்டலின் கோல்டன் வீனஸ் நடனக்கூடத்தில் ஞாயிறு மாலைத் தேநீர் நடனம், அதில் குவெஸ்ட்ஸ் பேண்டு, ஸ்காட்ஸ் ரோட்டில் டிராபிகானா இரவு விடுதி, ஆண்களின் நீளமுடிக்கு எதிரான அரசின் கெடுபிடி என்று ஒரு தனிக்கதை இருக்கிறது. அதற்கு இன்னோர் உரை வேண்டும்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேலை. வீட்டில் பழைய ஆல்பம் இருந்தால் எடுங்கள். தாத்தா கடைவாசலில் நிற்கும் படம், சித்தப்பா கப்பல்துறையில் நிற்கும் படம், எதுவானாலும் சரி. ஸ்கேன் செய்யும்போது முகத்தை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். தாத்தாவுக்குப் பின்னால் இருக்கிற பெயர்ப்பலகை, ஓரத்தில் பாதி தெரிகிற கார், அவைதான் இடத்தையும் காலத்தையும் சொல்லும். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், ஸ்டூடியோ முத்திரை அங்கே இருக்கும். பெயர் எழுதுவதென்றால் மெல்லிய பென்சிலில் எழுதுங்கள், பேனா மை முன்பக்கம் ஊறிவிடும். சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் விவரம் தெரியாத படங்களைப் பொதுமக்கள் பார்த்துக் குறிப்பு எழுத 2015 முதல் ஏற்பாடு இருக்கிறது. செட்டித்தெருவையும் சேஞ்ச் ஆலியையும் தெரிந்தவர்கள் அங்கே போய், இது யார் கடை, எந்த விலாசம் என்று தமிழ்ப் பலகைகளைப் படித்துச் சொல்லலாம். நன்றி, வணக்கம்.