செடியைச் சொன்னவர்கள்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

பொற்றையடிப் பக்கம் நிற்கிற மருத்துவாழ்மலையைப் பற்றிக் கதை கேட்காமல் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் யாரும் வளர்ந்திருக்க மாட்டோம். அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு பறந்தபோது பெயர்ந்து விழுந்த துண்டு அது என்பார்கள். தாவரவியல் சொல்லிக் கொடுக்கிற எனக்கு அந்தக் கதையில் ஓர் இடம் ரொம்பப் பிடிக்கும். மருந்து எங்கே இருக்கிறது என்று அனுமனுக்குச் சொன்னவன் சாம்பவான். அனுமனிடம் பலம் இருந்தது, வேகம் இருந்தது. எந்தச் செடி என்று மட்டும் தெரியவில்லை. அதனால்தான் மலையையே பெயர்த்துக்கொண்டு வர வேண்டியதாயிற்று. பக்கத்தில் சாம்பவான் நின்றிருந்தால் ஒரு கைப்பிடி இலை போதும்.

மூலிகை என்றதும் நாம் செடியைத்தான் பேசுகிறோம். அதைச் சொன்னவர்களைப் பற்றி இன்று கொஞ்சம் பேச விரும்புகிறேன்.

நம் பேச்சிப்பாறை, கோதையாறு காடுகளிலும், அதே மலையின் கேரளச் சரிவிலும் வாழ்கிறவர்கள் காணி மக்கள். 1956-இல் மாநில எல்லை வந்தது. அவர்களுக்குக் காடு அதற்கு முன்பும் ஒன்றுதான், பின்பும் ஒன்றுதான். 1987-இல் தாவரவியலாளர் புஷ்பாங்கதன் தலைமையில் ஆய்வாளர்கள் சிலர் அகத்தியமலைக் காட்டுக்குள் போனார்கள். காணி இளைஞர்கள் வழிகாட்டினார்கள். ஏற்றத்தில் ஆய்வாளர்களுக்கு மூச்சு வாங்குகிறது. வழிகாட்டிகளோ சிறு பழங்களை வாயில் போட்டுக்கொண்டு சளைக்காமல் நடக்கிறார்கள். கொடுத்த பழத்தைத் தின்றதும் இவர்களுக்கும் தெம்பு வந்தது. என்ன செடி என்று கேட்டால் பதில் இல்லை. வெளியாளுக்குச் சொல்லக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று உறுதி சொன்ன பிறகுதான் காட்டினார்கள். ஓடைக்கரை நிழலில், தரையை ஒட்டி, இதய வடிவ இலையோடு நிற்கிற சின்னச் செடி. ஆரோக்கியப்பச்சை.

அதை வைத்து, கேரளத்தில் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. 1995-இல் கோவை நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் கொடுத்து, உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் சரிபாதி காணி மக்களுக்கு என்று முடிவு செய்தார்கள். 1997-இல் அதற்காக ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. சொன்னவருக்குப் பங்கு கொடுத்த முன்மாதிரி என்று உலகம் முழுக்க இதைப் பேசினார்கள். நானும் வகுப்பில் பெருமையோடு சொல்வதுண்டு. ஆனால் மிச்சக் கதையையும் சொல்ல வேண்டும். காட்டிலிருந்து செடியை எடுப்பதற்கு வனத்துறை தடை சொன்னது. எல்லாக் காணிக் குடிகளுக்கும் பலன் போய்ச் சேரவில்லை. எங்களைக் கேட்காமல் ஏன் சொன்னீர்கள் என்று அவர்களுக்குள்ளேயே மனவருத்தமும் வந்தது. ஒரு சமூகத்தின் அறிவுக்கு யாரிடம் சம்மதம் கேட்பது என்பது லேசான கேள்வி இல்லை.

முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் பக்கத்து மண்ணில் இன்னொன்று நடந்திருக்கிறது. மலபார்ச் செடிகளைப் பற்றி டச்சு ஆளுநர் வான் ரீடு தொகுத்த 12 தொகுதிகள் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சாயின. செடிகளைச் சொன்னவர்களில் முக்கியமானவர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். அவர் தம் கைப்படக் கோலெழுத்து என்ற பழைய எழுத்து வடிவில் எழுதிக் கொடுத்த சான்று முதல் தொகுதியிலேயே இருக்கிறது. பெயராவது அச்சில் ஏறிற்று. எத்தனையோ பேருக்கு அதுவும் இல்லை.

நித்தியகல்யாணியை எடுத்துக்கொள்ளுங்கள். சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வோம். கடற்கரை மணலில், கல்லறைத் தோட்டத்தில், தண்ணீர் ஊற்ற ஆளில்லாமலே பூத்துக் கிடக்கும். பூர்வீகம் மடகாஸ்கர் தீவு. ஜமைக்காவில் அதன் இலையைத் தேநீர் போட்டுச் சர்க்கரை நோய்க்குக் குடித்து வந்தார்கள். 1950-களில் அந்த இலை கனடாவுக்குப் போயிற்று. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தால் சர்க்கரை குறையவில்லை; ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரசரவென்று குறைந்தன. அந்தக் கவனிப்பிலிருந்து வந்தவைதான் வின்பிளாஸ்டினும் வின்கிறிஸ்டினும். குழந்தைகளுக்கு வருகிற ரத்தப் புற்றுநோயில் இன்றும் வின்கிறிஸ்டின் உயிர் காக்கிறது. ஒரு கிராம் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். நமக்கு வடக்கே திருநெல்வேலி, தூத்துக்குடி, இராமநாதபுரம் சீமையின் வறண்ட நிலங்களில் இதைப் பயிரிட்டு ஏற்றுமதி செய்திருக்கிறார்கள். முதலில் அந்த இலையைக் கொதிக்க வைத்துக் குடித்த ஜமைக்காக்காரர் யாரென்று எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். சர்க்கரைக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு நித்தியகல்யாணிப் பூவையும் இலையையும் காலையில் அரைத்துக் குடிப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். புற்றை அடக்குகிற அளவுக்கு வீரியமுள்ள செடி, அளவு தெரியாத கைக்கு ஆகாது.

செய்முறையும் அப்படித்தான். மலேரியாவுக்குச் சீனர்கள் ஒரு மாசிப்பத்திரி இனத்தைப் பல நூறு ஆண்டுகளாகக் கொடுத்து வந்தார்கள். து யூயூ என்ற அம்மையார் அதை ஆராய்ந்தபோது ஒரு தடவை பலன் தெரிந்தது, மறு தடவை தெரியவில்லை. சுமார் 1600 ஆண்டுகளுக்கு முன் கோ ஹாங் என்ற வைத்தியர் எழுதி வைத்த குறிப்பை மறுபடி படித்தார். ஒரு பிடி செடியைத் தண்ணீரில் ஊறப்போட்டு, பிழிந்து, சாற்றைக் குடி என்று இருந்தது. கொதிக்க வை என்று இல்லை! சூட்டில் மருந்து கெடுகிறது போலும் என்று எண்ணி, சூடு அதிகம் படாத முறையில் சாரம் இறக்கினார். ஆர்ட்டெமிசினின் கிடைத்தது, 2015-இல் நோபல் பரிசும் வந்தது. கோ ஹாங் ‘ஊறப்போடு’ என்பதை எழுத மறந்திருந்தால்?

நம் வைத்தியத்திலும் இந்த நுணுக்கம் உண்டு. சாறு, அரைத்த விழுதான கற்கம், கொதிக்க வைத்து இறக்குகிற குடிநீர், தைலம், பொடியான சூரணம் என்று வேறு வேறாகச் சொன்னது சும்மா இல்லை.

அடையாளத்துக்கு வருகிறேன். கல்குளம் தாலுகாவில் மஞ்சள் காமாலைக்குப் பண்டுவம் பார்க்கிற ஒரு மூதாட்டியிடம் மாணவிகளை ஒரு முறை அழைத்துப் போனேன். வாழைத்தோட்டத்து வரப்பில் ஒரு செடியைப் பிடுங்கி ஒரு மாணவி, “பாட்டி, இதுதானே கீழாநெல்லி?” என்றாள். பாட்டி வாங்கவில்லை. “மக்களே, தண்டைப் பாக்காத, எலையத் திருப்பிப் பாரு” என்றார். திருப்பினோம். இலைக்குக் கீழே வரிசையாகக் கடுகு போலக் காய்கள். “தடவிப் பாரு. சொரசொரன்னு இருக்கா? காம்பு இருக்கா?” காய் சொரசொரப்பாக, காம்பே தெரியாமல் தண்டோடு ஒட்டி இருந்தது. தண்டிலும் செம்மை ஓடியிருந்தது. அது இன்னொரு இனம். இரண்டடி தள்ளி அவர் கிள்ளிக் காட்டியதில் காய் வழுவழுப்பாக, மெல்லிய காம்பில் தொங்கியது. நான் லென்ஸ் வைத்துப் பாடம் நடத்துகிற வித்தியாசத்தை அவர் விரல் நுனியில் வைத்திருந்தார்.

அவர் செய்கிற இன்னொரு காரியமும் எனக்குப் பிடிக்கும். ரத்தப் பரிசோதனைச் சீட்டு இல்லாமல் யாருக்கும் மருந்து கொடுப்பதில்லை. காமாலைக்குக் காரணம் பல: கிருமியாக இருக்கலாம், பித்தப்பைக் கல்லாக இருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம். தானாக ஆறுகிற காமாலையும் உண்டு, ஆளைக் கொல்கிற காமாலையும் உண்டு என்று அவருக்குத் தெரியும்.

இனம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு பெல்ஜியத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 1990-களின் தொடக்கத்தில் உடல் மெலிவதற்காக ஒரு சீன மூலிகைக் கலவையைச் சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. கலவையில் சேர வேண்டிய வேருக்குப் பதில், கிட்டத்தட்ட அதே பெயரில் விற்ற வேறொரு வேர் சேர்ந்துவிட்டது. அது அரிஸ்டலோக்கியா குடும்பத்துக் கொடி. அதில் உள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். அதே குடும்பத்தில் நம்மிடம் இருப்பவை ஈஸ்வரமூலியும் ஆடுதின்னாப்பாளையும். ஈஸ்வரமூலியைப் பாம்புக்கடிக்கு இன்றும் தேடுகிறவர்கள் உண்டு. பாம்பு கடித்தால் நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். விஷமுறிவு ஊசிதான் மருந்து. அதற்காகக் கொடியைப் பிடுங்கி எறிந்துவிடவும் வேண்டாம். கறுப்பும் மஞ்சளுமாகப் பறக்கிற அந்தப் பெரிய பட்டாம்பூச்சியின் புழுக்கள் அந்த இனக் கொடிகளின் இலையைத் தின்றுதான் வளர்கின்றன.

நம் மாவட்டத்தில் வைத்தியர்களுக்கும் வர்ம ஆசான்களுக்கும் இன்றும் குறைவில்லை. கோட்டாற்றில் ஆயுர்வேதக் கல்லூரி இருக்கிறது, முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் வேலிகள் போய்விட்டன. ஆடாதோடையும் நொச்சியும் நின்ற இடத்தில் மதில் நிற்கிறது. விளைகளில் ரப்பர் ஏறியபோது கீழே நின்ற பச்சிலைகள் போயின. செடி போனால் காட்டிலிருந்தாவது மீட்கலாம். அதைத் தொட்டு அறிந்த விரல்கள் போனால் என்ன செய்வது?

அதனால் கல்லூரிப் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊரில் பச்சிலை தெரிந்த ஒருவரிடம் போய் உட்காருங்கள். அனுமதி கேட்டு, அவர் சொல்வதை அவர் பெயரோடு எழுதுங்கள். சொல்ல மாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள். எந்த மாதம் பறிக்கிறார், வேரா இலையா, ஊறலா கொதியா, எவ்வளவு, யாருக்குக் கொடுக்க மாட்டார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். பூவும் காயும் உள்ள ஒரு கிளையைச் செய்தித்தாளுக்கு நடுவே வைத்து அழுத்தி, தினமும் தாளை மாற்றி உலர்த்துங்கள். இடமும் தேதியும் குறித்து உங்கள் கல்லூரித் தாவரவியல் துறையில் கொடுங்கள். எழுதியதில் ஒரு படியை, சொன்னவர் வீட்டிலேயே கொண்டு கொடுத்துவிடுங்கள்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.