பொட்டை அழிக்க ஊருக்கு என்ன உரிமை?

(தேவிபட்டினம் பக்கம் கடலோரக் கிராமம் ஒன்றில் முளைப்பாரித் திருவிழா மேடையில் பேசியது)

மேடையில் வீற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, விழாக் குழுப் பெரியவர்களே, அழைப்பை மதித்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஜமாத் தலைவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, மீனவர் சங்கச் செயலாளர் அவர்களே, தலைமையாசிரியை அம்மா அவர்களே, காசு வாங்காமல் மைக்செட் போட்டுக் கொடுத்த தம்பி அவர்களே (இவரை விட்டுவிட்டால் பாதியில் மைக் நின்றுபோகும்), முளைப்பாரி சுமந்து கும்மியடித்த களைப்போடு மணலில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். போர்த்திய பொன்னாடைக்கும் நன்றி. இந்தப் புழுக்கத்தில் அதைக் கழற்றி வைத்ததற்குக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

நெற்றிப் பொட்டின் தத்துவம் என்று நோட்டீஸில் அச்சடித்துவிட்டார்கள். சாத்திரம் சொல்வது, இலக்கியம் சொல்வது, விஞ்ஞானம் சொல்வது என மூன்றாகப் பிரித்துப் பேசுகிறேன்.

புருவ மத்தியை ஆக்ஞா சக்கரம் என்று யோக நூல்கள் சொல்கின்றன. இரண்டு இதழ்த் தாமரை. தியானத்தில் மனத்தைக் கொண்டுபோய் நிறுத்தும் இடம். அந்த இடத்துக்குச் செய்யும் மரியாதைதான் பொட்டு. சைவர்கள் திருநீற்றுக்கு நடுவே குங்குமம் வைக்கிறார்கள். திருப்புல்லாணிக்குப் போனால் வெள்ளைத் திருமண்ணுக்கு நடுவே சிவப்பு ஸ்ரீசூர்ணம் பார்க்கலாம். ராமேசுவரத்தில் பர்வதவர்த்தினி சந்நிதிக் குங்குமத்தை ஆண்களும்தான் இட்டுக்கொண்டு வருகிறோம். இதோ, என் நெற்றியிலும் இருக்கிறது. இதைப் பார்த்து, "ஐயா, உங்கள் வீட்டம்மா உயிரோடு இருக்கிறார்களா?" என்று இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை!

குங்குமம் என்ன, வானத்திலிருந்தா விழுந்தது? குண்டு மஞ்சளோடு வெங்காரம், படிகாரம், எலுமிச்சைச் சாறு சேர்த்து உலர்த்திப் பொடித்தது. ஆலம் கரைக்கும்போது மஞ்சள் தண்ணீரில் ஒரு சிட்டிகை சுண்ணாம்பு விழுந்ததும் சிவக்கிறதே, அதே வித்தைதான். பிள்ளைக்கு வைக்கிற கறுப்புச் சாந்து வேறு. ஜவ்வரிசியைக் கருக வறுத்து, தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, கொட்டாங்கச்சியில் ஊற்றிக் காயவைப்பார்கள். ஈர விரலால் குழைத்து நெற்றியில் ஒன்று, கன்னத்தில் ஒன்று, உள்ளங்காலில் ஒன்று. கன்னத்துப் பொட்டு ஊர்க் கண்ணுக்கு. கண்ணுக்குப் பரிகாரம் கண்டுபிடித்த நம் பாட்டிமார்கள் வாய்க்கு ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

இலக்கியத்துக்கு வருகிறேன். திருமுருகாற்றுப்படையில் மலையில் ஆடிப்பாடும் சூரரமகளிர் என்ற தெய்வப் பெண்களின் நெற்றியில் திலகம் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கோவலன் மாதவியிடம் போனபின் கண்ணகியின் நெற்றி திலகத்தை இழந்தது என்கிறார் இளங்கோவடிகள். கவனியுங்கள், அப்போது கோவலன் உயிரோடுதான் இருக்கிறான். துக்கத்தில் அவளாக விட்டாள். பங்காளிகள் கூடி வந்து யாரும் அழிக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு அப்பத்தாவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கருவாட்டுக் கூடையோடு பஸ் ஏறினால் கண்டக்டர் இரண்டடி தள்ளி நிற்பார். நெற்றியில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். வாலிபத்தில், புருசன் வள்ளத்தில் போனவர் திரும்பவில்லை. வள்ளமும் வரவில்லை, உடம்பும் வரவில்லை. பதினாறாம் நாள் பங்காளிகள் கூடிவிட்டார்கள், பொட்டை அழி, வளையலை உடை என்று. அந்த அம்மா வாசலில் உட்கார்ந்து, "உடம்பைக் கொண்டாந்து காட்டுங்க, அழிச்சுர்றேன்" என்றார். வந்தவர்கள் போய்விட்டார்கள்.

பிறகு நிவாரணப் பணத்துக்காக ஓர் அலுவலகத்துக்கு நடந்திருக்கிறார். அங்கே, "உடல் கிடைக்கலையேம்மா, ஏழு வருசம் தகவல் இல்லாம இருந்தாத்தான் சட்டப்படி இறந்ததா எடுத்துக்குவோம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பணம் வரவில்லை. ஆனால் அப்பத்தாவுக்கு ஆயுதம் கிடைத்தது! அடுத்த முறை பெரிய பங்காளி வந்து பொட்டைப் பற்றிப் பேச்செடுத்தபோது கேட்டாராம்: "கவர்மெண்டே ஏழு வருசம் பொறுன்னு சொல்லுது, ஒனக்குப் பதினாறு நாளு பொறுக்கலையாக்கும்?"

(கைதட்டல்)

பொறுங்கள், இன்னும் முடியவில்லை. அந்தப் பங்காளி லேசுப்பட்ட ஆளில்லை. விரலை மடக்கி எண்ணி, ஏழு வருசம் முடிந்த மாதமே வந்து நின்றார். "இப்ப என்னத்தா சொல்றே?" அப்பத்தா கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னது: "இது ஒங்கண்ணன் வச்ச பொட்டுன்னா நெனச்சே? நான் தொட்டில்ல கெடக்கும்போது எங்காத்தா வச்சது. அழிக்கணும்னா அவளைப் போய்க் கூட்டிட்டு வா!"

ஊர் பேசியது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அப்பத்தா மூடவும் போகவில்லை, கருவாடு விற்கப் போனார்.

தாய்மார்களே, தாலி கட்டியவன் கொடுத்தது தாலி, மெட்டி. பொட்டு பெற்றவள் கொடுத்தது. இந்தக் கடற்கரையில் கடலுக்குப் போய்த் திரும்பாத ஆண்கள் இல்லாத ஊர் எது? அவர்கள் வீட்டுப் பெண்கள் இன்றைக்கும் எங்கே? விளக்கேற்ற நான்கு பேரை அழைத்தீர்கள், நால்வரும் சுமங்கலிகள். முளைப்பாரிக்கு விரதமிருந்து விதை போட்டவர்களில் ஒருவராவது புருசனை இழந்தவரா? விழாக் குழுவினர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, ஆனாலும் கேட்கத்தான் செய்வேன்.

மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர் மாவட்டம் ஹெர்வாட் என்ற கிராமம் 2022 மே மாதம் ஒரு தீர்மானம் போட்டது. கணவனை இழந்த பெண்ணின் குங்குமத்தை அழிப்பது, வளையலை உடைப்பது, தாலியை அறுப்பது எதுவும் இனி எங்கள் ஊரில் கிடையாது என்று. அதே மாதத்தில் அம்மாநில அரசு மற்ற ஊராட்சிகளையும் அதைப் பின்பற்றச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா? ஊர் வாயை மூட முடியாது, சரி. அந்த வாயாலேயே தீர்மானத்தை வாசிக்க வைக்கலாம் அல்லவா?

விஞ்ஞானம் பாக்கி இருக்கிறது. ஸ்டிக்கர் பொட்டுப் பசையில் உள்ள ரசாயனத்தால் சிலருக்கு நெற்றியில் வெள்ளைத் திட்டு விழுகிறது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். நாடகத்துக்கு நேரமாகிவிட்டது என்று விழாக் குழுச் செயலாளர் மூன்றாவது முறையாகக் கடிகாரத்தைக் காட்டுகிறார்.

ஆகஸ்ட் 15 கிராம சபைக்குத் தீர்மானத்தை எழுதியே கொண்டுவந்திருக்கிறேன். இந்த நோட்டில் ஊரார் கையெழுத்து வேண்டும். முதல் கையெழுத்து தலைவர் அவர்கள் போடுவார்கள், வரும்போதே கேட்டு வாங்கிவிட்டேன் சம்மதம். இரண்டாவது பெரிய பங்காளிகள் யாராவது போட வேண்டும். கைநாட்டு வைப்பவர்களுக்கு மை டப்பாவும் மேடைக்குக் கீழே, மைக்செட் தம்பியிடம் இருக்கிறது. நன்றி, வணக்கம்.