ஊசிக்கு நேரம் உண்டு, புண்ணுக்கு இல்லை

(ஹட்டனில் நடந்த பொங்கல் விழாப் பட்டிமன்றம். தலைப்பு: 'காசு விஷயத்திலும் உடம்பு விஷயத்திலும் நம்மை முடிவெடுக்க வைப்பது கணக்கா, மனசா?' 'மனசே' என்ற அணியில் இரண்டாவதாகப் பேசிய ஆசிரியையின் உரை.)

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி அண்ணன்மாரே, பனி இறங்குவதற்குள் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று கணக்குப் போட்டு வந்து, இன்னும் எழும்ப மனசில்லாமல் உட்கார்ந்திருக்கும் சபையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

எதிரணித் தலைவர் அண்ணன் வங்கியில் வேலை செய்கிறவர். அதனால் அவருக்கு ஊரெல்லாம் கணக்காகத்தான் தெரியும். என்ன சொன்னார்? "மனிதன் லாபநட்டம் பார்க்கிறவன். கையில் காசு கூடினால் முடிவும் தானாகச் சரியாகிவிடும். 2021இல் தோட்டத் தொழிலாளியின் நாள் சம்பளம் ஆயிரம் ரூபா, 2024இல் 1350 ரூபா. அதற்கேற்றபடி சேமிப்பும் வளரும், சுகாதாரமும் வளரும்" என்றார். கைதட்டலும் வாங்கிவிட்டார். அதில் பாதியைத் திருப்பி வாங்கத்தான் நான் வந்திருக்கிறேன்.

சம்பளம் உயர வேண்டாம் என்று எங்கள் அணி சொல்லவில்லை. அப்படிச் சொல்லிவிட்டுப் போனால் என் அம்மாவே என்னைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குள் விடமாட்டார். கூடிய சம்பளம் எங்கே போகிறது, அதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதுதான் இங்கே பேச்சு.

நான் வர்த்தகம் படிப்பிக்கிற டீச்சர். கணக்கீட்டுப் பாடத்துக்குப் பிள்ளைகளிடம் வீட்டுச் சம்பளத் துண்டைக் கேட்டு வாங்குவேன். பேரை மறைத்துவிட்டு ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். கழிவுப் பக்கத்தை வாசிக்கிறேன், கேளுங்கள். ஈபிஎப், அதாவது ஊழியர் சேமலாப நிதி. தீபாவளி அட்வான்ஸ், தவணை. சங்கச் சந்தா. கோயில் சந்தா. தேயிலைத்தூள். டோபி. இதில் எதையாவது அந்த அம்மா இந்த மாதம் உட்கார்ந்து யோசித்து முடிவெடுத்திருப்பாரா? ஒன்றுமில்லை. என்றைக்கோ தொடங்கியது, தானாக வெட்டிக்கொண்டு போகிறது.

ஆனால் வேலையை விட்டு நிற்கும்போது அவர் கையில் வரப்போகும் பெரிய தொகை எது என்று கேளுங்கள். அந்த ஈபிஎப்தான். 1958இல் வந்த சட்டம். தொழிலாளி குறைந்தது நூற்றுக்கு 8, முதலாளி 12 என்று மாதாமாதம் கட்டியே ஆக வேண்டும். இதையே "நீங்களாக ஒவ்வொரு மாதமும் தபாற்கந்தோருக்குப் போய்க் கட்டுங்கள், லாபம் உங்களுக்குத்தான்" என்று விட்டிருந்தால் எத்தனை பேர் கட்டியிருப்போம்? எதிரணி அண்ணன் கூடக் கட்டியிருக்க மாட்டார். நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும்.

மனிதருடைய இந்தக் குணத்தைப் பிடித்துக்கொண்டுதான் அமெரிக்காவில் ரிச்சர்ட் தேலர், ஷ்லோமோ பெனார்ட்சி என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஒரு திட்டம் போட்டார்கள். இன்றைய சம்பளத்திலிருந்து சேமிக்கக் கேட்டால் யாருக்கும் மனசு வராது. அதனால், "அடுத்த முறை சம்பளம் கூடும்போது, கூடுகிற தொகையில் ஒரு பங்கு சேமிப்புக்குப் போகட்டும்" என்று முன்கூட்டியே கையெழுத்து வாங்கினார்கள். சேர்ந்தவர்களின் சேமிப்பு 40 மாதத்தில் நூற்றுக்கு 3.5இலிருந்து 13.6 ஆனது. யாருக்கும் கணக்குப் பாடம் எடுக்கவில்லை. கையில் இன்னும் வராத காசை விட்டுக்கொடுப்பதில் வலி இல்லை, அவ்வளவுதான். தேலருக்கு 2017இல் நோபல் பரிசு. ஆயிரம் 1350 ஆனபோது இப்படி ஒரு தாளை நம் சங்கங்கள் நீட்டியிருக்கலாம். சரி, அது வேறு பட்டிமன்றம்.

இப்போது சபைக்கு ஒரு விளையாட்டு. ஒரு காசைச் சுண்டுகிறேன். தலை விழுந்தால் நான் உங்களுக்கு 1500 ரூபா தருவேன். பூ விழுந்தால் நீங்கள் எனக்கு 1000 தர வேண்டும். யார் வருகிறீர்கள்? கையைத் தூக்குங்கள். ஐந்தாறு கைதான் தெரிகிறது. அதிலும் இரண்டு என் பள்ளிக்கூடத்துப் பொடியன்கள். அவர்கள் சட்டைப்பையில் ஆயிரம் ரூபா கிடையாது என்பது எனக்குத் தெரியும்!

கணக்குப்படி பார்த்தால் இந்த விளையாட்டு உங்களுக்கு லாபம். ஒவ்வொரு சுண்டலுக்கும் சராசரியாக 250 ரூபா உங்கள் பக்கம். எதிரணி அண்ணன் ஏன் கையைத் தூக்கவில்லை? ஆயிரம் போகுமே என்ற எரிச்சல், 1500 வருமே என்ற ஆசையை அமுக்கிவிட்டது. டேனியல் கானமன், ஏமொஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979இல் எழுதியது இதைத்தான். இழப்பின் வலி, அதே அளவு ஆதாயத்தின் சந்தோஷத்தைவிடப் பெரியது. பிறகு அளந்து பார்த்தபோது ஏறக்குறைய இரண்டு மடங்கு. இன்னொன்றும் சொன்னார்கள். நிச்சயமான ஒரு சின்ன நட்டமா, வந்தாலும் வரலாம் வராமலும் போகலாம் என்கிற பெரிய நட்டமா என்று கேட்டால், பல பேர் பெரிய நட்டத்தோடு சூதாடத் துணிந்துவிடுவார்கள். இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

ஏனென்றால் எதிரணி மீரியபெத்தை மண்சரிவை இழுத்தார்கள். எச்சரிக்கையை மதித்துக் கணக்குப் பார்த்திருந்தால் உயிர் தப்பியிருக்கும் என்றார் எனக்கு முன்னால் பேசிய தம்பி. தம்பி, அந்த இடத்தில் கொஞ்சம் மெதுவாகப் பேச வேண்டும். 2014 ஒக்டோபர் 29, காலை நேரம், கொஸ்லந்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. 2005இலும் 2011இலும் அந்த இடம் ஆபத்து என்று எச்சரித்திருந்தார்கள், உண்மைதான். ஆனால் எச்சரிக்கைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சனம் எங்கே போவது? வீடு தோட்டத்தினுடையது. காணி உறுதி கிடையாது. வேலை அங்கே, கோயில் அங்கே, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா அங்கே. வெளியேறினால் இதெல்லாம் நாளைக்கே போவது நிச்சயம். மலை சரிவதோ, தாத்தா காலத்திலிருந்து பார்த்தும் சரியாதது. மனசு எந்தப் பக்கம் சாயும்? "அவர்கள் போட்டதும் கணக்குதானே" என்று எதிரணி சொல்லலாம். அப்படியென்றால், வேறு விடையே வராத அந்தக் கணக்கை அவர்களுக்கு எழுதிக்கொடுத்தது யார் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். 2025 நவம்பரில் டித்வா புயல் பதுளையையும் கண்டியையும் நுவரெலியாவையும் அடித்துப் போட்ட பிறகும், மண்ணைத் தள்ளிவிட்டு அதே லயத்துக்குத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது.

அடுத்தது சீட்டு. என் மாணவர்களிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்வார்கள், கடைசியாகச் சீட்டு எடுக்கிறவருக்கு நட்டம் என்று. வட்டி இல்லை, விலைவாசி ஏறுகிறது. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியில் உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94.9. அந்த வருடம் கடைசிச் சீட்டு எடுத்தவருக்கு, முதல் ஆள் வாங்கிய அரிசியில் பாதிதான் கிடைத்திருக்கும். சீட்டு நின்றதா? இன்றைக்கும் பத்தாம் திகதி சம்பளம் போட்டதும், கொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சீட்டுக்கார அக்கா இஸ்தோப்பில் வந்து நிற்கிறார். "என்ன, வைக்கிறியா?" ஒரு கேள்விதான். இல்லை என்று சொல்ல யாருக்கு முகம் வரும்? எந்த வங்கிப் புத்தகம் இப்படி வாசலில் வந்து நிற்கிறது, அண்ணன்?

இது நல்லதற்கு மட்டுமே வேலை செய்கிறது என்று நான் சொல்லவில்லை. அதே முகத்துக்காகத்தான் மகள் பெரியபிள்ளையான சடங்குக்குப் பந்தல் போட்டு, தோட்டை அடகு வைக்கிறோம். அதே வெட்கத்தைப் பிணையாக வைத்துத்தான் நுண்கடன் கம்பனிகள் ஐந்து பெண்களை ஒரு குழுவாக உட்கார்த்தி வைத்து, ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரையும் அவள் வாசலுக்கு அனுப்புகிறார்கள். கணக்கைவிட மனசு பலமானது என்று அந்தக் கம்பனிக்காரனுக்கு நன்றாகத் தெரியும். எதிரணிக்குத்தான் தெரியவில்லை.

பங்கு நியாயமா என்பதும் அப்படித்தான். 1982இல் ஜெர்மனியில் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒருவர் ஒரு தொகையைப் பங்கிட்டு மற்றவருக்கு ஒரு பங்கை நீட்டுவார். மற்றவர் சம்மதித்தால் இருவருக்கும் கிடைக்கும், மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. கணக்குப்படி ஒரு ரூபா கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் பங்கு ரொம்பக் குறைந்தால் "உன் காசே வேண்டாம்" என்று தட்டிவிடுகிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள். இதை அறிய நாம் ஜெர்மனிக்குப் போக வேண்டியதில்லை. ஆயிரம் ரூபா கேட்டு வேலைக்கு இறங்காமல் ரோட்டில் நின்ற நாட்களில் எத்தனை 'பேர்', அதாவது எத்தனை நாள் சம்பளம், போனது என்று யாராவது கூட்டிப் பார்த்தோமா? தோட்டத்தில் ஒரு எழவு விழுந்தால் கொழுந்துக்கு இறங்காமல் நிற்கிறோமே, அது எந்தக் கணக்கில் வரும்? இந்த நாட்டில் இரத்தம் விற்பனைக்கு இல்லை. கொடுக்கிறவர் எல்லோரும் சும்மாதான் கொடுக்கிறார்கள். கணக்கு மட்டும் பார்த்திருந்தால் இரத்த வங்கியைப் பூட்டிச் சாவியைக் கொடுத்திருக்க வேண்டும்.

மணி அடிக்கப் பார்க்கிறீர்கள், ஐயா. ஒரே ஒரு விஷயம், இதற்காகத்தான் எழுந்தேன்.

மலையில் கொழுந்து எடுக்கும் அம்மாமாரின் இடுப்பில் ஒரு வெற்றிலைப் பை இருக்கும். காலையில் ரொட்டியும் சாயத்தண்ணியும் குடித்துவிட்டு இறங்கினால், குளிருக்கும் பசிக்கும் அதுதான் துணை. பாக்கு, சுண்ணாம்பு, ஒரு கிள்ளுப் புகையிலை. வெற்றிலையும் பாக்கும் புகையிலை இல்லாமல் மென்றாலும் புற்றுநோய் வரும் என்று 2004இலேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் சொல்லிவிட்டது. இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். இது தெரியாதவர் இந்தச் சபையில் இல்லை. ஆனாலும் வாய்க்குள் வெள்ளையாக ஒரு படலம் தெரிந்தால் என்ன செய்வோம்? உப்புத்தண்ணி கொப்பளிப்போம். "பார்ப்போம்" என்போம். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு பேர் போவது நிச்சயம், நோய் என்பதோ சந்தேகம். நான் நினைவில் வைக்கச் சொன்னது இதைத்தான். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. "மஹரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துட்டாங்களாம்" என்று லயம் முழுக்கப் பேச்சாகிவிடுமே!

எண்பதுகளின் தொடக்கத்தில் நம் நாட்டிலேயே சுகாதார ஊழியர்களை வைத்து 28 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் வாயைப் பரிசோதித்தார்கள். ஆயிரத்து இருநூறு பேருக்கு மேல் "நீங்கள் போய்க் காட்டத்தான் வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தார்கள். ஏறக்குறைய பாதிப்பேர்தான் போனார்கள். மற்றவர்களுக்குச் செய்தி கிடைக்கவில்லையா? கையில் துண்டே இருந்தது.

எதிரணி உடனே, "காசு கொடுத்தால் வருவார்கள், அதுவும் கணக்குதானே" என்று கேட்கும். இந்தியாவில் உதயப்பூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பிள்ளைகளுக்கு எல்லாத் தடுப்பூசியும் போட்டவர்கள் நூற்றுக்கு 6 பேர். ஊருக்குள்ளேயே தவறாமல் முகாம் வைத்ததும் 18 ஆனது. முகாமோடு ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பும், கடைசியில் சாப்பாட்டுத் தட்டுகளும் கொடுத்ததும் 39 ஆனது. 2010இல் வெளிவந்த ஆய்வு. அதைச் செய்த பொருளியலாளர்கள் பானர்ஜிக்கும் டுஃப்லோவுக்கும் பிறகு நோபலும் கிடைத்தது. பிள்ளையின் உயிரை இலவசமாகக் காப்பாற்றித் தருகிறோம் என்றபோது வராத தாய், ஒரு கிலோ பருப்புக்கு வந்தாள் என்றால், அது என்ன லாபநட்டக் கணக்கு? ஊசி வேண்டாம் என்று அவள் ஒருநாளும் நினைக்கவில்லை. "நாளைக்குப் போகலாம்" என்று தள்ளிக்கொண்டே வந்தாள். பருப்பு அந்த நாளையை இன்றைக்கு இழுத்து வந்தது.

இங்கே நம் பிள்ளைகளின் ஊசிக்குப் பருப்பு தேவைப்படவில்லை. மிட்வைஃப் மிஸி வீட்டுக்கு வருகிறார், கிளினிக் கார்டில் திகதி எழுதுகிறார். வராவிட்டால் அடுத்த நாள் வாசலில் நின்று ஏன் என்று கேட்கிறார். பக்கத்துக் காம்பரா பெரியம்மாவும் "ஊசி போட்டாச்சா?" என்று கேட்கிறார். அந்த அம்மா ஒரு பேரை விட்டுவிட்டுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.

சம்பளம் அதே சம்பளம். அரைநாள் நட்டமும் அதேதான். பிள்ளையின் கார்டில் ஒரு திகதி தவறவிடாத அந்த அம்மா, தன் வாய்ப்புண்ணை மட்டும் இரண்டு வருடம் ஏன் மறைத்து வைத்தார் என்பதை, அடுத்துப் பேச வரும் எதிரணி அண்ணன் தன் கல்குலேட்டரை எடுத்து விளக்கட்டும். விளக்கிவிட்டால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்துவிடுகிறேன். விளக்க முடியாவிட்டால் பந்தலுக்குப் பின்னால் ஒரு மேசையைப் போட்டு, நாளைக்குப் பல் டாக்டரை வரவழைக்கும் செலவை அவருடைய வங்கி ஏற்றுக்கொள்ளட்டும். முதல் ஆளாக வாயைத் திறந்து காட்ட என் அம்மா தயார், நான் பேர் கொடுத்தாகிவிட்டது. நன்றி, வணக்கம்.