விருந்தாளியாகப் போகாதே, பிள்ளையாகப் போ

நேயர்களுக்கு வணக்கம்.

பதினைந்து, பதினாறு வயதில் ஒரு பிள்ளை வெளிநாட்டுக்குப் போய், முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தோடு ஒரு வருஷம் தங்கி, அங்கேயே பள்ளிக்கூடம் போய்வருவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நானும் அந்த வயதில் அப்படி ஜெர்மனிக்குப் போனவள்தான். இப்போது அதேபோலக் கிளம்பும் பிள்ளைகளையும் அவர்களைப் பெற்றவர்களையும் உட்காரவைத்துப் பேசி அனுப்புகிற வேலையில் இருக்கிறேன்.

பெற்றவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: "யார் பெத்த பிள்ளையையோ ஒரு வருஷம் வீட்டில் வைத்துச் சோறு போட அவங்களுக்கு என்னம்மா தலையெழுத்து? காசு ஏதும் வருதா?"

காசு வருவதில்லை. ஏ.எஃப்.எஸ்., ஒய்.எஃப்.யூ. போன்ற பழைய மாணவர் பரிமாற்ற அமைப்புகளில் ஹோஸ்ட் ஃபேமிலிக்கு, அதாவது பிள்ளையைத் தங்கவைக்கும் குடும்பத்துக்கு, சம்பளம் கிடையாது. அமெரிக்காவில், பரிமாற்ற மாணவரை வைத்திருக்கும் குடும்பத்துக்குப் பணம் தரக்கூடாது என்று அரசு விதியே இருக்கிறது.

பின்னே எதற்காக? இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. முதல் உலகப் போரின்போது, 1915-ல், பிரான்ஸில் காயம்பட்ட சிப்பாய்களை ஏற்றிச்செல்ல அமெரிக்கத் தொண்டர்கள் உருவாக்கிய ஆம்புலன்ஸ் படைதான் ஏ.எஃப்.எஸ். இரண்டாம் உலகப் போரிலும் அவர்கள் வண்டி ஓட்டினார்கள். இரண்டு போரிலும் இளம்பிள்ளைகள் கொத்துக்கொத்தாகச் செத்ததைக் கண்ணால் பார்த்தவர்கள். ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட்டு வளர்ந்திருந்தால் இப்படிச் சுட்டுக்கொள்வார்களா என்ற எண்ணத்தில், 1947-ல் பள்ளி மாணவர்களை அமெரிக்க வீடுகளுக்கு வரவழைக்க ஆரம்பித்தார்கள். 1951-ல் ஒய்.எஃப்.யூ. ஜெர்மன் பிள்ளைகளை மிச்சிகன் மாநிலத்துக் குடும்பங்களில் தங்கவைத்தது. போர் முடிந்து ஆறே வருஷம். மகனைப் பறிகொடுத்த வீடுகள் அங்கே எத்தனையோ இருந்திருக்கும். அந்தக் காலத்தில் ஒரு ஜெர்மன் பையனுக்குக் கதவைத் திறந்துவிட எவ்வளவு பெரிய மனசு வேண்டும்!

அப்படிப் போய்வந்தவர்கள் பிறகு தங்கள் வீட்டையும் திறந்துவைத்தார்கள். என்னை வைத்திருந்த ஹோஸ்ட் அம்மாவும் பள்ளி வயதில் அமெரிக்காவில் ஒரு பண்ணை வீட்டில் ஒரு வருஷம் இருந்தவர்தான். "அந்த வீட்டுக்கு நான் பட்ட கடனை உன்னிடம் தீர்க்கிறேன்" என்று ஒருமுறை சொன்னார். தலையெழுத்தும் இல்லை, காசும் இல்லை. காரணம் இதுதான்.

சரி, போகிற பிள்ளைகளிடம் வருகிறேன். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். முதல் மூன்று நாள் அவர்கள் உன்னைத் தாங்கத்தான் செய்வார்கள். நாலாம் நாள் நீ அந்த வீட்டுப் பிள்ளையாகிவிட வேண்டும். நம் வீட்டில் பத்தாம் வகுப்பு வந்துவிட்டாலே, "நீ படி, மற்றதை நாங்க பார்த்துக்கிறோம்" என்று தட்டைக்கூடக் கழுவ விடுவதில்லை. அந்தப் பழக்கத்தோடு போகிற பிள்ளை, சாப்பிட்ட இடத்தில் தட்டை வைத்துவிட்டு அறைக்குப் போய்விடும். மரியாதைக்குறைவாக அது நினைப்பதே இல்லை. ஆனால் அந்த வீட்டில் அப்பாவும் பிள்ளைகளும் எழுந்து ஆளுக்கொரு வேலை செய்துகொண்டிருப்பார்கள்.

நான் இருந்தது மியூன்ஸ்டர் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அங்கே என் பொறுப்பு குப்பை. குப்பைதானே என்று நினைக்காதீர்கள். காகிதத்துக்கு நீலத் தொட்டி, பிளாஸ்டிக், தகர உறைகளுக்கு மஞ்சள், காய்கறித் தோலுக்குப் பழுப்பு, மிச்சத்துக்குக் கறுப்பு. ஒவ்வொன்றுக்கும் வண்டி வரும் நாள் வேறு. முந்தின நாள் இரவே தெருவோரம் உருட்டிவைத்துவிட வேண்டும். கண்ணாடி பாட்டில்களைத் தெருமுனையில் இருக்கும் பெரிய கலன்களில் வெள்ளை, பச்சை, பழுப்பு என்று நிறம் பார்த்துப் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போடக்கூடாது, சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டார் கோபித்துக்கொள்வார்கள். தண்ணீர் பாட்டிலுக்குக் கடையில் வாங்கும்போதே 25 சென்ட் கூடுதலாகப் பிடித்துக்கொள்வார்கள். காலி பாட்டிலை இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். அந்தச் சில்லறை எனக்கும் அந்த வீட்டுத் தம்பிக்கும் என்று ஏற்பாடு. குப்பையைச் சுமந்ததில்தான் அவனும் நானும் அக்கா தம்பி ஆனோம்.

டிசம்பர் 5-ம் தேதி ராத்திரி அங்கே பிள்ளைகள் ஷூவைத் துடைத்து வாசலில் வைப்பார்கள். மறுநாள் புனித நிக்கோலஸ் திருநாள். காலையில் அதில் கொட்டைகளும் ஆரஞ்சுப் பழமும் சாக்லேட்டும் இருக்கும். "உன் ஷூவில் இன்னும் சேறு இருக்கு, போய்த் துடை" என்று ஹோஸ்ட் அம்மா என்னை அதட்டினார். விருந்தாளியை யாராவது அதட்டுவார்களா? அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை.

இதெல்லாம் சுலபமாக வந்துவிடும் என்று சொல்லமாட்டேன். ராத்திரிச் சாப்பாட்டு மேசையில் ரொட்டியும் சீஸும் ஊறவைத்த வெள்ளரிக்காயும் இருக்கும். எல்லாரும் பேசிச் சிரிப்பார்கள். நமக்கு மட்டும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாது. நாலைந்து மாதம் அப்படித்தான் போகும். குளிர்காலத்தில் வெளியே சாயங்காலம் நாலரை மணிக்கே இருட்டிவிடும். அந்தச் சமயத்தில்தான் பிள்ளைகள் அறைக்குள் போய்ப் போனை எடுப்பார்கள். பெற்றவர்களே, இங்கே உங்களிடம் ஒரு வேண்டுதல். தினமும் வீடியோ காலில் கூப்பிட்டு, "என்ன சாப்பிட்டே, ஏன் முகம் வாடியிருக்கு" என்று கேட்டால், பிள்ளையின் உடம்பு அங்கேயும் மனசு இங்கேயுமாகத்தான் இருக்கும். வாரத்துக்கு ஒருமுறை போதும். மேசையில் உட்கார்ந்து புரியாமலே கேட்டுக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு ஒரு நாள் புரிந்துவிடும். அறைக்குள் இருக்கிற பிள்ளைக்கு அது கஷ்டம்.

அதற்காக எல்லாவற்றையும் சகித்துக்கொள் என்று சொல்லவில்லை. என் கூடப் பழகிய தாய்லாந்துப் பெண் ஒருத்தி இருந்த வீட்டில் யாரும் அவளோடு சேர்ந்து சாப்பிடவே இல்லை. நல்ல பிள்ளை என்று பேரெடுக்க வேண்டுமே என்று மாதக்கணக்கில் வாய்திறக்காமல் இருந்தாள். கடைசியில், அமைப்பின் சார்பில் அந்த ஊரில் மாணவர்களைக் கவனித்துக்கொள்ளும் உள்ளூர்த் தொடர்பாளரிடம் சொன்னாள். வேறு குடும்பம் கிடைத்தது, ஆளே மாறிப்போனாள். வீடு மாறுவதில் அவமானம் எதுவும் இல்லை. அமெரிக்க விதிப்படி, வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லாருடைய குற்றப் பின்னணியையும் சரிபார்த்த பிறகே மாணவரை அனுப்ப வேண்டும். உள்ளூர்த் தொடர்பாளர் மாதாமாதம் மாணவரோடு பேச வேண்டும். கதவைத் தாழிட்டுக்கொள்ள முடியவில்லை, யாரோ தொட்டுப் பேசுகிறார்கள், மனசுக்குச் சரியாகப் படவில்லை, இதில் எதுவானாலும் அன்றைக்கே சொல்ல வேண்டும். கிளம்புமுன் உங்கள் பெண்ணிடமும் பையனிடமும் இதைக் கூச்சப்படாமல் பேசிவிடுங்கள்.

செலவைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு: அமெரிக்க அரசின் செலவில் நடக்கும் கென்னடி-லூகர் யெஸ் என்ற உதவித்தொகைத் திட்டம் 2002-ல் தொடங்கப்பட்டது, இந்திய மாணவர்களும் அதில் போயிருக்கிறார்கள். ரோட்டரி சங்கங்கள் வழியாகவும் போகலாம். எதுவாக இருந்தாலும் பல மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். இங்கே ஒரு வருஷப் படிப்பு தள்ளிப்போகலாம் என்பதால், பள்ளிக்கூடத்தில் முன்கூட்டியே பேசி எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

அப்புறம், பிள்ளையை அனுப்ப முடியாதவர்கள்கூட ஒரு பிள்ளையை வரவழைத்துக்கொள்ளலாம். இத்தாலியிலிருந்தோ பிரேசிலிலிருந்தோ ஒரு பெண் உங்கள் வீட்டுக்கு வந்தால், பாசத்தில் பத்து வகைப் பலகாரம் செய்து சோபாவிலேயே உட்காரவைத்துவிடாதீர்கள். தேங்காய் துருவக் கொடுங்கள், மாடியில் காயும் துணியை எடுத்துவரச் சொல்லுங்கள், தப்பாகச் செய்தால் உங்கள் பெண்ணைச் சொல்வதுபோலச் சொல்லுங்கள்.

நன்றி. வணக்கம்.